கெர்னலின் மரண வாக்குமூலம்

2006இல் ஒரு ராத்திரி, மணி இரண்டரை. சர்வர் படுத்துவிட்டது என்று போன். தேவ்நாரிலிருந்து ஆட்டோ பிடித்து ஓடினேன். கறுப்புத் திரையில் 'கெர்னல் பேனிக்'. திரை காட்டுவது 25 வரிதான். எது முதலில் உடைந்தது என்று சொல்லும் வரிகள் மேலே ஓடிப் போயிருந்தன. மிச்சத்தைப் பேப்பரில் எழுதிக்கொண்டு ரீபூட் செய்தேன். அன்று சாயங்காலம் டிஸ்க் டிரைவரை மாற்றியவன் ஒரு திருநெல்வேலிப் பையன். "புது டிரைவர்தான் காரணம்" என்று ரிப்போர்ட் எழுதினேன். ஆதாரம்? ஒன்றும் கிடையாது.

அவனிடம் பிறகு வருகிறேன். முதலில் கொஞ்சம் சரித்திரம்.

கிராஷ் ஆன மெமரியின் நகலை 'கோர் டம்ப்' என்கிறோம் இல்லையா, அந்த 'கோர்' இங்கே மும்பையிலும் இருந்தது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் நம் சென்னைக்காரர் ஆர். நரசிம்மன் தலைமையில் கட்டிய கம்ப்யூட்டர் 1960இல் ஓடத் தொடங்கியது. 1962இல் நேரு அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயர் வைத்தார். அதன் மெமரி சின்னச் சின்ன காந்த வளையங்கள். ஒரு வளையம், ஒரு பிட். 40 பிட் கொண்ட 2048 சொற்கள். மொத்தமே 10 கிலோபைட்! இந்த வளையத்துக்குப் பெயர்தான் கோர். அந்தக் காலத்தில் புரோகிராம் விழுந்தால் கோரில் இருப்பதை அப்படியே அச்சடித்து, பென்சிலோடு உட்கார்ந்து படிப்பார்கள். வளையங்கள் போய்விட்டன, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

'பேனிக்' யூனிக்ஸ் கொடுத்த பெயர். மல்டிக்ஸ் குழுவின் டாம் வான் விளெக், தாங்கள் எழுதுவதில் பாதி பிழையிலிருந்து மீள்வதற்கே போகிறது என்றாராம். டென்னிஸ் ரிட்சி, நாங்கள் அதையெல்லாம் விட்டுவிட்டோம், பேனிக் என்று ஒரு ரொட்டீன், அது வந்தால் மெஷின் படுத்துவிடும், ரீபூட் பண்ணு என்று கத்துவோம் என்றாராம் :-)

சரி, டம்ப் எடுக்க வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். டிஸ்கில் எழுத வேண்டியது கெர்னல், செத்துக்கொண்டிருப்பதும் கெர்னல். புத்தி பேதலித்தவன் கையில் பேனாவைக் கொடுத்தால் உயிலோடு சேர்த்து வீட்டுப் பத்திரத்தையும் கிறுக்கிவிடுவான்! எல்.கே.சி.டி. என்ற டம்ப் திட்டத்தை லினக்ஸில் சேர்க்க 2002இல் லினஸ் மறுத்துவிட்டார்.

விடை பெங்களூர் பக்கமிருந்து வந்தது. ஐ.பி.எம்.மின் லினக்ஸ் குழுவில் விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா முதலானோர், எரிக் பீடர்மேனின் 'கெக்ஸெக்'கை வைத்து 'கேடம்ப்' செய்தார்கள். மெமரியில் ஒரு மூலையை முன்கூட்டியே ஒதுக்கி, அங்கே இரண்டாவது கெர்னலைத் தூங்க வைப்பார்கள். முதல் கெர்னல் விழுந்ததும், பயாஸ் பக்கமே போகாமல் நேரே இதற்குத் தாவும். தாவும் வழியில், இரண்டாவது கெர்னல் கெடாமல் இருக்கிறதா என்று செக்சம் சோதனையும் உண்டு. விழுந்தவனின் மெமரி அப்படியே கிடக்கும். தெளிவாக இருப்பவன் நிதானமாக நகல் எடுப்பான். 2005 ஆகஸ்டில் வந்த 2.6.13 பதிப்பில் இது சேர்ந்தது. செத்தவன் தானே எழுத வேண்டாம், சாட்சி எழுதினால் போதும்.

இப்போது அந்தப் பையன். என் ரிப்போர்ட்டை நம்பிப் பழைய டிரைவரையே திரும்பப் போட்டோம். 2008இல் அதே மெஷின் மறுபடி விழுந்தது. இந்த முறை கேடம்ப் இருந்தது. 'கிராஷ்' கருவியில் திறந்து பார்த்தால், ஒரு முகவரியில் ஒரே ஒரு பிட் மாறியிருந்தது. மெமரியைச் சோதித்தோம், கெட்டுப்போயிருந்தது. மாற்றியபின் மெஷின் மூச்சுவிடவில்லை.

வேறு வேலைக்குப் போய்விட்ட அவனுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

"அத விடுங்க அண்ணாச்சி" என்றான். கொஞ்சம் நிறுத்தி, "அந்த வருசம் இன்க்ரிமென்ட்தான் வரல" என்றான்.

பழைய கிராஷுக்கும் மெமரிதான் காரணம் என்று என்னால் இன்றும் நிரூபிக்க முடியாது. அதற்கு டம்ப் இல்லை. ஆனால் கிராஷ் ரிப்போர்ட் எழுதும்போது ஒன்றை மட்டும் விடாமல் செய்கிறேன்: பார்த்ததை ஒரு பக்கம், நினைத்ததை இன்னொரு பக்கம். இரண்டாவது பக்கத்தில் யார் பெயரும் இருக்காது.