தேயிலைப் பெட்டியில் ஒளிந்திருந்த ஆய்வு நிதி

பல்கலைக்கழகங்களில் இன்று தோன்றும் நிலைபேறு ஆய்வு மையங்கள் பெரும்பாலும் வெளியார் நிதியில் மூன்றாண்டு வாழ்பவை. திட்டம் முடிந்தால் ஆய்வாளர் வேறு வேலை தேடுவார். தரவுகள் அலுமாரியில் உறங்கும். ஆனால் மண்ணும் மரமும் மூன்றாண்டுக் கணக்கை அறியா. இச்சிக்கலுக்கு இலங்கை ஏற்கெனவே ஒருமுறை விடை கண்டிருக்கிறது.

1869இல் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் தோன்றியது. அதை ஆராய மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி 1880இல் இலங்கைக்கு வந்தார். நியமனம் இரண்டே ஆண்டுகள். நோயைப் பரப்புவது காற்றில் பறக்கும் காளான் வித்துகளே என்பதை அவர் விளக்கினார். காலம் முடிந்தது, அவர் திரும்பினார். கோப்பியும் அழிந்தது.

தேயிலைக்காரர்கள் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. 1925இல் தேயிலை ஆய்வு நிலையத்துக்கெனத் தனிச் சட்டம் வந்தது. கொழும்புத் துறைமுகத்திலிருந்து கப்பலேறும் தேயிலையின் எடைக்கு ஒரு சிறு வரி. அதுவே நிலையத்தின் நிரந்தர வருவாய். (வெள்ளவத்தைக் கடையில் நாம் அருந்தும் தேநீர் இந்தக் கணக்கில் சேராது!) பின்னர் தலவாக்கலையில் சென்ற் கூம்ஸ் தோட்டமும் நிலையத்தின் சொந்தமாயிற்று. ஆய்வுக்கு நிலம், அதே நிலத்தில் விளைச்சல் என்ற இரட்டைப் பயன். றப்பரும் தெங்கும் இதே வழியைப் பின்பற்றின.

வரியை விலைக்கு விதியாமல் எடைக்கு விதித்தது கூர்மையான ஏற்பாடு என்பேன். உலக மந்தத்தில் விலை வீழ்ந்தபோதும் வருவாய் அதே விகிதத்தில் வீழவில்லை. 1933ஆம் ஆண்டின் சர்வதேச உடன்பாடு ஏற்றுமதி அளவையே குறைத்தபோது மட்டும் நெருக்கடி தொட்டது. ஆயினும் ஆய்வு நிற்கவில்லை. 1930களின் நடுப்பகுதியில் யாவாவிலிருந்து ஒரு சிறு குளவி கொண்டுவரப்பட்டது. தேயிலையைத் தின்ற இலைச்சுருட்டிப் புழுவை அது அடக்கிற்று. மருந்து தெளிக்கும் செலவேயில்லை. வேறொரு வண்டுக்காக 1950களில் டீல்ட்ரின் என்ற நஞ்சைத் தெளித்தபோது குளவி மடிந்து, புழு மீண்டும் பெருகியது தனிக் கதை.

இந்த வரியை உண்மையில் செலுத்தியவர் யார்? ஏட்டில் ஏற்றுமதியாளர். அந்த எடையைக் கூடையில் சுமந்தவர்களோ மலையகத் தமிழ்ப் பெண்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. தேயிலைச் செடியின் நோய்க்கு நிரந்தர நிதி ஒதுக்கத் தெரிந்த நாட்டுக்கு, லயன் அறைகளில் வாழ்ந்த மனிதருக்கு அப்படியொரு நிதியை ஏற்படுத்தத் தோன்றவில்லை. நிதித் திட்டமிடலைப் பேசுவோர் அரிதாகவே இந்தப் பக்கத்தைப் புரட்டுகின்றனர்.

எடையை நம்பிய வரிக்கும் பலவீனம் உண்டு. 2021இல் இரசாயன உர இறக்குமதியை அரசு திடீரெனத் தடுத்தது. அவ்வாண்டின் முடிவுக்குள் தடையை நீக்கவும் நேர்ந்தது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாகச் சரிந்தது. கப்பலேறும் எடை குறைந்தால் ஆய்வுக்கான வரியும் குறையும். மண்ணைப் பற்றிய ஆய்வுக்குப் பணம் மிகவும் வேண்டியிருந்த ஆண்டும் அதுவே.