துறைமுகம் இழந்த அரசின் அதிகாரிகள்

1660ஆம் ஆண்டு மூதூரில் ஒரு புளியமரத்தடியில் ஆங்கிலக் கப்பற்றலைவர் ஒருவர் சிறைபிடிக்கப்பட்டார். அவருடைய ‘ஆன்’ என்னும் கப்பல் புயலில் பாய்மரத்தை இழந்து, பழுது பார்ப்பதற்காகக் கொட்டியாரக் குடாவில் ஒதுங்கியிருந்தது. பிடித்தவர் கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் திசாவை (மாகாண அதிகாரி), படையோடு வந்திறங்கியவர். தலைவர் மறு ஆண்டே காய்ச்சலில் இறந்துபோனார். அவர் மகன் றொபேட் நொக்ஸ் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்து தப்பியோடி, 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூல் பெயர்பெற்றது. நொக்ஸைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. அந்தத் திசாவையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கரையில் ஒதுங்கும் கப்பலை நோக்கி ‘நீ யார், ஏன் வந்தாய்’ என்று கேட்கும் அதிகாரம் அன்று மலையரசின் அதிகாரியிடம் இருந்தது. 155 ஆண்டு கழித்து அதே பதவியில் இருந்தவர்கள் கண்டி இராச்சியத்தையே ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்தார்கள். இடையில் நடந்ததைக் கோழைத்தனம் என்றோ துரோகம் என்றோ ஒரு சொல்லில் முடித்துவிடுவது நம் பாடப்புத்தகங்களின் வழக்கம். அந்தக் கதையில் திருகோணமலைக்கு ஒரு பங்கு உண்டு என்பதால் இம்மலரில் அதைச் சற்று விரித்துச் சொல்லலாம்.

கண்டியைச் சுற்றி வளைந்தோடும் மகாவலி கடைசியில் கடலைச் சேருவது கொட்டியாரக் குடாவில். மலையரசுக்கு இந்தக் குடா கொல்லைப்புறமன்று, வாசல். போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தரை அழைத்ததும், 1639இல் திருகோணமலைக் கோட்டை போர்த்துக்கேயர் கைவிட்டுப் போனதும் இராஜசிங்கன் காலத்தில்தான். இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்களத்தில் இதைச் சொல்வார்கள். எனினும் அரசவை அதிலிருந்து கற்ற பாடம் வேறு: கடல்வல்லரசு ஒன்றை அடக்க இன்னொன்று வேண்டும், இரண்டும் போட்டியிடும்வரை நமக்கு மதிப்பு உண்டு.

1765இல் ஒல்லாந்தர் கண்டிக்குள்ளேயே புகுந்தனர். மறு ஆண்டு ஒப்பந்தத்தில் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் தீவின் கரை முழுவதையும் அவர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. உப்புக்கும் கருவாட்டுக்கும்கூடப் பிறர் தயவை நாடும் நிலை. அதன்பின் மலையரசின் அதிகாரிக்குப் படையைவிடப் பேச்சுவார்த்தையே ஆயுதம்.

அந்த ஆயுதம் மழுங்கியிருக்கவில்லை என்பதற்கு 1782 சாட்சி. 1762இல் சென்னையிலிருந்து பைபஸ் என்னும் ஆங்கிலத் தூதர் திருகோணமலை வழியாகக் கண்டிக்குப் போயிருந்தார். அரசவை உதவியை எதிர்பார்த்தது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியிடமிருந்து வந்தது ஒன்றுமில்லை. இருபது ஆண்டு கழித்து, 1782 ஜனவரியில் ஆங்கில அட்மிரல் ஹியூஸ் திருகோணமலையின் ஒஸ்ரன்பேர்க் கோட்டையைப் பிடித்ததும் ஹியூ பொயிட் என்னும் தூதர் அதே பாதையில் மலையேறினார். அமைச்சர்கள் அவரைக் குறைவின்றி உபசரித்துவிட்டு, பைபஸின் வெறுங்கையை நினைவூட்டினார்கள். உடன்படிக்கை வேண்டுமானால் வணிகக் கும்பினியுடன் அல்ல, இங்கிலாந்து மன்னருடனேயே செய்வோம் என்றார்கள். பொயிட் வெறுங்கையோடு திரும்பினார். அந்த ஆகஸ்ட் முடியுமுன் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் துறைமுகத்தைப் பறித்துக்கொண்டார். அவசரப்பட்டு ஆங்கிலேயரோடு சேர்ந்திருந்தால் அரசவையின் கதி என்னவாகியிருக்கும்? அமைச்சர்களின் நிதானத்தை இங்கே மெச்சத்தான் வேண்டும்.

1795 ஆகஸ்டில் ஆங்கிலேயர் மீண்டும் திருகோணமலையைப் பிடித்தனர். 1802இல் இலங்கையின் கரைநாடு பிரித்தானிய முடிக்கே உரியதாயிற்று. ஒல்லாந்தர் போயினர், பிரெஞ்சுக்காரரும் வரவில்லை. போட்டியாளர் இல்லாத கடலில் பழைய சாமர்த்தியம் செல்லுபடியாகவில்லை. இதைத்தான் கண்டியின் முதலமைச்சர்களாயிருந்த பிலிமத்தலாவையும் எகலப்பொலவும் உணரத் தவறினார்கள் என்பது என் கணிப்பு.

மகா அதிகாரம் என்னும் முதலமைச்சர் பதவியிலிருந்த பிலிமத்தலாவை 1798இல் கண்ணுசாமி என்னும் தென்னிந்திய நாயக்க வம்ச இளைஞனை ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனாக்கியவர். பிறகு அந்த அரசனையே கவிழ்க்க ஆங்கில ஆளுநர் நோர்த்துடன் இரகசியம் பேசினார். 1803இல் ஒரு படை கொழும்பிலிருந்தும், பார்பட்டின் தலைமையில் மற்றொன்று நம் திருகோணமலையிலிருந்தும் கண்டியை நோக்கி நடந்தன. நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. ஜூனில் நோயும் பட்டினியும் தின்ற எஞ்சிய படை சரணடைந்து அழிந்தது. வென்றது அரசன்தான். ஆனால் தன் முதலமைச்சர் மீதிருந்த நம்பிக்கை போய், சில ஆண்டுகளில் பிலிமத்தலாவையின் தலையும் போயிற்று.

அவருக்குப் பின் வந்த எகலப்பொல சப்பிரகமுவவின் திசாவையாகவும் இருந்தார். மகா அதிகாரம் வெளியே போகும்போது முன்னால் சாட்டையைச் சொடுக்கிக்கொண்டு ஏவலர் செல்வர். வரி, வழக்கு, இராசகாரியம் என்னும் கட்டாயச் சேவை, படை எல்லாம் திசாவையின் கையில். இத்தனையும் அரசன் ஒரு சொல் சொன்னால் இல்லாமற்போகும். அந்த அச்சத்தை நன்றாகப் படித்தவர் ஆங்கில அதிகாரி ஜோன் டொயிலி. சிங்களம் கற்று, ஒற்றர்களை வைத்து, ஓலைகளால் அரசவையைப் பிளந்தார். 1814இல் எகலப்பொல ஆங்கிலேயர் பக்கம் ஓடினார். அரசன் அவருடைய மனைவி மக்களைக் கொன்றான். அந்தக் கொலையை நியாயப்படுத்த முடியாது. ஆனால் அதைப் படையெடுப்புக்குக் காரணமாக்கி உலகெங்கும் பறைசாற்றியவர்களின் கருணையையும் நம்ப வேண்டியதில்லை.

1815 பெப்ரவரி 18இல் அரசன் பிடிபட்டான், மார்ச் 2இல் கண்டியை ஆங்கிலேயருக்குக் கொடுத்த ஒப்பந்தம். கையொப்பமிட்ட தலைவர்களில் சிலர் தமிழ் எழுத்தைப் பயன்படுத்தினார்கள் என்று பெருமைப்படும் நாம், நாயக்க அரசரின் ஆண் உறவினர் எவரும் கண்டி நாட்டில் காலடி வைக்கக் கூடாதென்று அதே ஒப்பந்தம் விதித்ததையும் சேர்த்தே படிக்க வேண்டும். எகலப்பொல ஓர் அரசனை மாற்றுவதாக எண்ணினார், அரசுரிமையே ஒழிந்தது.

எகலப்பொலவின் மைத்துனர் மொனரவில கெப்பெட்டிப்பொல ஊவாவின் திசாவையாக அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர். 1817இல் வெல்லச பகுதியில் ஆங்கிலேயர் திசாவையைத் தாண்டி ஹஜ்ஜி ஒருவருக்கு முகாந்திரம் என்னும் உள்ளூர்ப் பதவி கொடுத்தபோது, தங்கள் இடம் எங்கே என்பது மலைத்தலைவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கிளர்ச்சி மூண்டது. அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிப்பொல நவம்பரில் கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்தார். அவர்கள் அரசனாக்கியவனோ, தான் துரைசாமி என்னும் நாயக்க இளவரசன் என்று சொல்லிக்கொண்ட ஒரு முன்னாள் பிக்கு. நாயக்கர் பெயருக்கு மலைநாட்டில் அப்போதும் இருந்த செல்வாக்கை இது காட்டுகிறது. ஊர்களும் வயல்களும் எரிக்கப்பட்டன. 1818 ஒக்டோபரில் பிடிபட்ட கெப்பெட்டிப்பொல நவம்பர் 26இல் போகம்பரையில் தலைவெட்டப்பட்டார். அதற்கு ஐந்து நாள் முன்னர், நவம்பர் 21இல், தலைவர்களின் அதிகாரங்களை ஆங்கில அரசின் ஏஜெண்டுகளுக்கு மாற்றும் பிரகடனம் வெளியாகியிருந்தது. அவரது மண்டையோட்டை எடின்பரோவுக்குக் கொண்டுபோனார்கள்; 1948இல்தான் அது திரும்பி வந்தது.

எகலப்பொலவைக் கிளர்ச்சியில் தொடர்புண்டு என்ற ஐயத்தின் பேரில் கைதுசெய்து, 1825இல் மொரீசியஸுக்கு அனுப்பினார்கள். 1829இல் அங்கேயே இறந்தார். அவர் கவிழ்த்த அரசன் 1832இல் வேலூர்ச் சிறையில் இறந்தான்.

இந்த வகை வாழ்க்கை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. வியட்நாமின் அரச அதிகாரி பான் தன் ஜியான் 1862இல் மூன்று மாகாணங்களைப் பிரெஞ்சுக்காரருக்கு விட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மறு ஆண்டு பாரிஸ் சென்று திரும்பக் கேட்டுப் பார்த்தார். 1867இல் மிச்சமிருந்த மூன்றும் போனபோது, போரிடாமல் ஒப்படைத்துவிட்டு, உண்ணாதிருந்து நஞ்சருந்தி மாண்டார். பேரரசர் அவரைக் குற்றவாளியாக்கினார், பிந்தியவர்கள் மன்னித்தார்கள். அவருக்கு வாய்க்காதது எகலப்பொலவுக்கு வாய்த்தது: தன் பக்கத்தைத் தானே தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு. அதனால் எகலப்பொலவின் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

திருகோணமலை மாணவர்கள் கண்டி வரலாற்றை வேறு யாருடையதோ என்று ஒதுக்கக் கூடாது. பைபஸ், பொயிட், டொயிலி ஆகியோரின் நாட்குறிப்புகள் அச்சில் உள்ளன. முதல் இருவரும் மலையேறியது நம் மாவட்டத்திலிருந்துதான். வரலாற்று ஆசிரியர்கள் அவர்கள் நடந்த பாதையை வகுப்பறையில் ஒரு படத்தில் வரையச் செய்து, அந்த மூவரின் எழுத்திலும் திசாவைகளும் அதிகாரங்களும் என்ன பேசினார்கள் என்று மாணவர்களைத் தேடிப் படிக்க வைக்க வேண்டும்.