தொரைட தோட்டம்

என் பெத்தாச்சி தம் வாழ்நாளில் ஒரு காணி உறுதியைக்கூட வாசித்தவர் அல்லர். ஆயினும் தோணியில் வாவியைக் கடக்கும்போதெல்லாம் எழுவான்கரைத் தென்னந்தோப்பு ஒன்றைக் காட்டி, "அது தொரைட தோட்டம் மனே, நம்மட இல்ல" என்பார். துரை கப்பலேறி எத்தனையோ வருடங்கள். தோப்பும் இரண்டு மூன்று கை மாறிவிட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரின்றியும் கிடக்கும் நிலம் யாவும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியது என்று கொண்டது. நிரூபிக்க வேண்டியவன் குடியானவன். சேனைப் பயிரோ காட்டை வெட்டி எரித்துக் குரக்கனும் சோளமும் விதைத்து, பின் பல ஆண்டுகள் காடேற விட்டு, மறுபடி திரும்பி வருவது. காடேற விட்ட வருடத்தில் வந்து பார்க்கும் உத்தியோகத்தருக்கு அது ஆளில்லாக் காடு. பூட்டன் வெட்டிய சேனைக்கு எந்த நொத்தாரிசு உறுதி எழுதினார்?

அப்படி முடியிடம் போன நிலம் ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்கப்பட்டது. 1844இல்தான் அடிவிலை ஒரு பவுணாயிற்று. வாங்கியோருள் தேசாதிபதி ஸ்டூவர்ட் மக்கென்சியும் ஒருவர். சட்டத்துக்கு ஒப்பமிட்ட கையே சந்தையிலும் நீண்டது! மலைநாட்டிலே கோப்பி எழுந்தது; யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்புக் கரையிலும் ஐரோப்பியரின் தென்னந்தோட்டங்கள் எழுந்தன.

படுவான்கரை வயல்களின் கதை வேறு. அங்கே ஆண்டவர்கள் நம்மவரான போடிமார். என் பெத்தப்பா ஒரு போடியாரின் முல்லைக்காரன். சூடு மிதித்துப் பொலி தூற்றிய பிறகு, விதைநெல்லும் வாங்கிய கடனும் வட்டியும் கழித்து வீட்டுக்கு வந்தது சில மூட்டைகளே. இதை மறைத்துவிட்டு அந்நியனை மட்டும் ஏசுவது எனக்குச் சம்மதமில்லை. பிலிப் குணவர்தன 1958இல் கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் கைவைத்தது வெள்ளைக்காரனிலல்ல, இந்த உறவில்தான்.

ஆனாலும் இரண்டு கதைகளும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. ஏற்றுமதிப் பயிருக்கு முதலும் பாதையும் ரயிலும் கிடைத்தன. நெல்லுக்குக் கிடைத்தது மிச்சம். அரிசியைக் கடல் கடந்து வாங்கிக்கொள்ளலாம் என்பது கணக்கு. 1942இல் பர்மா யப்பானியர் வசமாகவே அந்தக் கணக்குப் பிழைத்தது. தேயிலையும் றப்பரும் மலிந்த தீவு சோற்றுக்குக் கூப்பனோடு வரிசையில் நின்றது. சுதந்திரத்துக்குப் பின்னும், 1952இல் சீனாவுக்கு றப்பர் கொடுத்து அரிசி வாங்க ஒப்பந்தம் செய்தோம். மறுவருடம் பங்கீட்டரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியபோது ஹர்த்தால் வெடித்து, பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். கொடியேற்றி ஐந்து வருடந்தான் ஆகியிருந்தது.

பிறகு சட்டங்கள் வந்தன. 1963இல், அந்நியர் காணி வாங்கினால் அதன் பெறுமதிக்கு நூற்றுக்கு நூறு வரி. 1972இன் காணிச் சீர்திருத்தம் தனியாருக்கு 50 ஏக்கர், நெற்காணியாயின் 25 ஏக்கர் என உச்சவரம்பு விதித்தது. வேடிக்கை என்னவென்றால், பொதுக் கம்பனிகளை அது தொடவில்லை. உள்ளூர்க்காரனின் காணி அளக்கப்பட்டபோது இலண்டன் கம்பனிகளின் தேயிலைமலை அப்படியே இருந்தது. அவற்றை அரசு எடுக்க 1975 வரை செல்லவேண்டியிருந்தது. எடுத்த தோட்டங்களின் நிர்வாகம் 1992 முதல் மீண்டும் கம்பனிகளிடம் போனது. நூறு வீத வரியோ 2002இல் நீங்கி, 2004இல் திரும்ப வந்தது. 2014ஆம் ஆண்டுச் சட்டம் அந்நியருக்கும், பாதியோ அதற்கு மேலோ அந்நியப் பங்குள்ள கம்பனிகளுக்கும் காணி கைமாறுவதைத் தடுத்தது. 99 வருடக் குத்தகைக்கு மட்டும் வாசலைத் திறந்து வைத்தது. 99 வருடமென்றால் எங்கள் வீட்டில் நாலு தலைமுறை.

பெத்தாச்சிக்கு இவை எதுவும் தெரியாது. 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளி மட்டக்களப்புத் தென்னைகளை முறித்துப்போட்டது. காற்று அடங்கிய காலையில், கூரையில்லாத எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று வாவிக்கு அப்பால் பார்த்தவர், "தொரைட தோட்டம் உழுந்திட்டு மனே" என்றார்.