சலாரியா, கேப்டன் குர்பச்சன் சிங்

சலாரியா, குர்பச்சன் சிங் (29 நவம்பர் 1935 – 5 டிசம்பர் 1961): ஐக்கிய நாடுகள் அமைதிப்படைப் பணியில் காங்கோவில் உயிர்நீத்த இந்தியத் தரைப்படை அதிகாரி. அமைதிப்படைப் பணிக்காகப் பரம்வீர் சக்ரா பெற்றவர் இவர் ஒருவரே.

பிறந்த ஊர் ஷகர்கர் பகுதியிலுள்ள ஜன்வால் என்பர்; அது இன்று பாகிஸ்தானில் உள்ளது. பிரிவினைக்குப்பின் குடும்பம் குர்தாஸ்பூர் மாவட்டத்தில் குடியேறியது. தந்தை முன்ஷி ராம், ஹாட்சன்ஸ் ஹார்ஸ் குதிரைப்படையில் பணியாற்றியவர். 1946இல் பெங்களூரு கிங் ஜார்ஜ் ராணுவக் கல்லூரியில் சேரச் சென்ற சிறுவன், மார்பளவு போதாதென்று முதலில் திருப்பி அனுப்பப்பட்டதாகவும், சில வாரங்கள் விடாது உடற்பயிற்சி செய்து அளவை எட்டிக் காட்டியதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. சரித்திரச் சான்று வலுவாக இல்லாவிட்டாலும் விட்டுவிட மனம் வராத செய்தி இது. அடுத்த ஆண்டு ஜலந்தர் கல்லூரிக்கு மாறினார். தேசியப் பாதுகாப்பு அகாடமியிலும் டேராடூனிலும் பயின்று 1957இல் அதிகாரியானார். மூன்றாம் கூர்க்கா ரைபிள்ஸில் தொடங்கிய பணி, முதலாம் கூர்க்கா ரைபிள்ஸின் 3ஆம் பட்டாலியனில் தொடர்ந்தது.

காங்கோ 1960இல் பெல்ஜியத்திடமிருந்து விடுதலை பெற்ற சில நாட்களிலேயே, தாமிரச் சுரங்கங்கள் நிறைந்த கடங்கா மாகாணம் மோய்ஸ் ஷோம்பே தலைமையில் பிரிந்தது. அதன் ஜென்டார்மரிப் படையை வெளிநாட்டுக் கூலிப்படையினர் வழிநடத்தினர். 1961 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்செயலர் டாக் ஹாமர்ஷீல்ட் விமான விபத்தில் இறந்தார். விபத்தின் காரணம் இன்றுவரை சர்ச்சைக்குரியது. நவம்பர் 24 அன்று கூலிப்படையினரை வெளியேற்றத் தேவைப்பட்டால் பலத்தைப் பயன்படுத்தலாம் என்று பாதுகாப்பு அவை தீர்மானித்தது. நான்கு நாள் கழித்து, ஐ.நா. அதிகாரி பிரையன் உர்குஹார்ட் தாக்கப்பட்டார்.

டிசம்பர் தொடக்கத்தில், எலிசபெத்வில் நகருக்கும் (இன்றைய லுபும்பாஷி) விமான நிலையத்துக்கும் இடையே கடங்கா படை சாலையை மறித்தது. தடையை ஒரு கம்பெனி நேராகத் தாக்க, சலாரியா தம் சிறுபிரிவுடன் விமான நிலையப் பக்கமிருந்து வந்து எதிரி தப்பும் வழியை அடைப்பதே 5ஆம் தேதித் திட்டம். 16 வீரர்களும் இரண்டு சுவீடிஷ் கவச வண்டிகளும் உடன் சென்றனர். வழியிலேயே எதிர்பாராத இயந்திரத் துப்பாக்கிச் சூடு எதிர்ப்பட்டது. அங்கே இரண்டு கவசக் கார்களுடன் ஏறத்தாழ 90 பேர் நிலைகொண்டிருந்தனர். ராக்கெட் ஏவியால் அவ்விரு கார்களும் அழிக்கப்பட்டன. அந்தக் கணநேரக் குழப்பத்தைப் பயன்படுத்தி, துப்பாக்கிமுனைக் கத்தி, குக்ரி, கையெறிகுண்டு ஆகியவற்றுடன் பிரிவு நேரே பாய்ந்தது. எதிர்த்தரப்பில் 40 பேர் மாண்டதாகக் கூறப்படுகிறது. 90, 40 ஆகிய இரண்டும் களத்தில் நின்றவர்கள் தந்த மதிப்பீடுகள் ஆதலின் தோராயமாகவே கொள்ளத்தக்கவை. கழுத்தில் குண்டு பாய்ந்தபின்னும், குருதி இழந்து சாயும்வரை சலாரியா போரிட்டார். வயது 26.

1962 குடியரசு நாளில் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. தேசியப் பாதுகாப்பு அகாடமியில் பயின்றோரில் இவ்விருதை முதலில் பெற்றவர் இவரே. கடங்காவின் பிரிவினை 1963 ஜனவரியில் முடிவுக்கு வந்தது.

1980களில் இந்தியக் கப்பல் கழகம் தன் எண்ணெய்க் கப்பல் ஒன்றுக்கு இவர் பெயரைச் சூட்டியது. 2023 ஜனவரியில் பெயரற்றிருந்த 21 அந்தமான் தீவுகளுக்குப் பரம்வீர் சக்ரா பெற்றோரின் பெயர்கள் இடப்பட்டபோது, ஒன்று சலாரியா தீவாயிற்று.