விடுவிக்கப்பட்டதா, விடுவிக்கப்படவுள்ளதா? செய்தி ஆங்கிலத்தின் 'டு பி'

செய்தித்தளம் ஒன்றின் மொழிபெயர்ப்புப் பகுதியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்த காணிகள் பற்றிய ஆங்கிலக் குறிப்பொன்று கைக்கு வந்தது. அதில் 'ஆர் டு பி ரிலீஸ்ட்' என்று இருந்தது. அவசரத்தில் 'விடுவிக்கப்பட்டன' என்று எழுதிவிட்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் ஓர் அம்மா அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். 1990 இல் அந்தப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்தவர். பேரப்பிள்ளை தொலைபேசியில் செய்தியை வாசித்துக் காட்டியதும், காணி உறுதியையும் எடுத்துக்கொண்டு ஓட்டோ பிடித்து முட்கம்பி வேலி வரை போயிருக்கிறார்.

"விட்டாச்சு எண்டுதானே பிள்ளை போட்டிருக்கிறியள்? அங்க நிண்டவை இன்னும் இல்லை எண்டு திருப்பி அனுப்பிப் போட்டினம். விடப் போகினம் எண்டு எழுதியிருந்தா நான் வெளிக்கிட்டிருக்க மாட்டன்."

அந்த அம்மா ஆங்கிலக் குறிப்பைப் பார்த்தவரல்ல. ஆனால் அதில் இருந்த சொற்களின் சரியான பொருளை அவர்தான் சொன்னார்: 'விடப் போகினம்'. அன்றிலிருந்து இந்தச் சொற்தொடரை நான் இரண்டு தடவை வாசிக்காமல் தாண்டுவதில்லை. நான் கவனித்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன். ஆங்கிலச் செய்தி வாசிப்பவர்களுக்கும், அரச கடிதங்களோடு மாரடிப்பவர்களுக்கும் இது உதவக்கூடும்.

அமைப்பு என்ன?

'டு', அதன் பின் 'பி', அதன் பின் வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம். 'டு ரிலீஸ்' என்றால் விடுவிக்க. 'டு பி ரிலீஸ்ட்' என்றால் விடுவிக்கப்பட. முன்னையதில் விடுவிப்பவரைப் பற்றிய பேச்சு. பின்னையதில் விடுவிக்கப்படும் பொருளைப் பற்றிய பேச்சு. செய்பவர் யார் என்று சொல்லாமலே வசனத்தை முடித்துவிடலாம்.

தமிழில் இதற்கு ஒத்த வடிவம் இல்லை என்று நினைக்க வேண்டாம். 'விடுவிக்கப்பட' என்பது செயப்பாட்டு வினையில் அமைந்த எச்சம்தான். வித்தியாசம் அதற்கு அடுத்த சொல்லில் இருக்கிறது. தமிழில் 'விடுவிக்கப்பட' என்று சொல்லிவிட்டு நிறுத்த முடியாது. உள்ளது, வேண்டும், முடியும், இருந்தது என்று ஏதாவது ஒன்றை எழுதியாக வேண்டும். ஆங்கிலம் பல வேளைகளில் அந்தப் பொருளைச் சொல்லாமலே விட்டுவிடும். மொழிபெயர்ப்பவர்தான் முன்னும் பின்னும் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

1. திட்டம்

'இஸ் டு பி', 'ஆர் டு பி' என்று வந்தால் பெரும்பாலும் அது ஒரு தீர்மானம் அல்லது ஏற்பாடு. காரியம் இன்னும் நடக்கவில்லை. எங்கள் செய்திகளில் 'விடுவிக்கப்படவுள்ளன', 'திறந்து வைக்கப்படவுள்ளது' என்று எழுதுவது இதைத்தான். ஆங்கிலத் தலைப்புகளில் 'இஸ்', 'ஆர்' இரண்டையும் வெட்டிவிட்டு 'லாண்ட்ஸ் டு பி ரிலீஸ்ட்' என்று மட்டும் போடுவார்கள். அந்தச் சின்ன 'டு'தான் எதிர்காலத்தின் அடையாளம். அதைத் தவறவிட்டு 'லாண்ட்ஸ் ரிலீஸ்ட்' என்று வாசித்தால் முழுச் செய்தியும் மாறிவிடும். நான் விட்ட பிழை அதேதான்.

இதன் இறந்தகால வடிவம் 'வோஸ் டு பி'. நடக்கவிருந்தது என்று பொருள். பிறகு நடந்ததா இல்லையா என்பதை அடுத்த வசனம் சொல்ல வேண்டும். 'வோஸ் டு ஹேவ் பீன்' என்று வந்தால், நடக்கவிருந்தது, ஆனால் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

2. கட்டளை

மருந்துப் போத்தலில் 'டு பி டேக்கன் ஆஃப்டர் மீல்ஸ்' என்று இருந்தால் அது திட்டமல்ல, அறிவுறுத்தல். சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்க வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் 'டு பி ஃபில்ட் பை தி அப்ளிகன்ற்' என்றால் விண்ணப்பதாரி நிரப்ப வேண்டும். 'நொட் டு பி' என்று வந்தால் அது தடை.

சட்ட வாசகங்களில் 'டு' இல்லாமல் 'ஷல் பி' என்று வரும். இலங்கை அரசியலமைப்பின் 13(1) ஆம் உறுப்புரை, கைது செய்யப்படுபவருக்கு அதற்கான காரணம் அறிவிக்கப்பட வேண்டும் என்கிறது. அங்கே உள்ள 'ஷல் பி இன்ஃபோர்ம்ட்' என்பதை 'அறிவிக்கப்படும்' என்று மட்டும் பெயர்த்தால் கடமை ஒன்று வெறும் தகவலாகச் சுருங்கிவிடும். 'வேண்டும்' என்ற ஒரு சொல்லில் ஓர் உரிமை தங்கியிருக்கிறது.

3. இன்னும் இல்லை

'ஹேஸ் யெற் டு பி' என்றால் இதுவரை செய்யப்படவில்லை. வசனத்தில் 'நொட்' இருக்காது, ஆனால் பொருள் எதிர்மறை. இதை 'செய்யப்படவுள்ளது' என்று பெயர்ப்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். இழப்பீடு வழங்கப்படவில்லை என்பதும் வழங்கப்படவுள்ளது என்பதும் ஒன்றல்ல. முதலாவது முறைப்பாடு, இரண்டாவது வாக்குறுதி. 'ரிமெய்ன்ஸ் டு பி சீன்' என்பதும் இதே குடும்பம்தான். அதைப் 'பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும்' என்று எழுதினால் போதும்.

4. சொல்லப்படுவது

இதுதான் மிகக் கவனமாகக் கையாள வேண்டிய இடம். 'இஸ் பிலீவ்ட் டு பி ஹெல்ட்' என்றால், ஒருவர் இப்போது தடுத்து வைக்கப்பட்டிருப்பதாக நம்பப்படுகிறது. 'இஸ் பிலீவ்ட் டு ஹேவ் பீன் ஹெல்ட்' என்றால், முன்பு தடுத்து வைக்கப்பட்டிருந்ததாக நம்பப்படுகிறது. இப்போது அங்கே இருக்கிறாரா என்பதைப் பற்றி அந்த வசனம் ஒன்றுமே சொல்லவில்லை. 'டு பி' என்பதற்கும் 'டு ஹேவ் பீன்' என்பதற்கும் இடையிலான இந்த வித்தியாசம் இலக்கணப் புத்தகத்தில் ஒரு வரி. பிள்ளையின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வீதியோரக் கொட்டகையில் இருக்கும் தாய்க்கு அது ஒரு வரியல்ல.

இன்னொன்றும் உண்டு. 'நம்பப்படுகிறது' என்றால் நம்புவது யார்? பொலிஸாரா, குடும்பத்தவரா, செய்தியாளரா? ஆங்கில மூலம் அதை மறைத்திருந்தால், தமிழில் பெயர்ப்பதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்வது எங்கள் வேலை.

5. உரிமையும் விருப்பமும்

'தி ரைற் டு பி ஹேர்ட்' என்றால் தன் தரப்பைக் கேட்கச் செய்யும் உரிமை. 'வோன்ற்ஸ் டு பி டோல்ட்' என்றால் தனக்குச் சொல்லப்பட வேண்டும் என்று விரும்புகிறார். இவற்றில் செயலைச் செய்ய வேண்டியவர் வேறொருவர். செயப்பாட்டு வடிவத்தை விட்டுவிட்டு 'கேட்கும் உரிமை' என்று எழுதினால் உரிமை கைமாறிப் போய்விடும்.

நீதிமன்றம் பிரபலமாக்கிய 'டு பி'

இந்த வடிவம் பெற்ற மிகப் பெரிய புகழ் இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்றில் பிறந்தது. 1923 இல் வாகன விபத்து ஒன்று தொடர்பாக ஒருவரை நீதவான்கள் குற்றவாளியாகக் கண்டனர். நீதவான்களோடு அவர்களின் அறைக்குள் சென்ற பதில் எழுதுவினைஞர், அதே விபத்துக்காக அந்த நபரிடம் நட்டஈடு கேட்ட தரப்பின் சட்டத்தரணி நிறுவனத்தைச் சேர்ந்தவர். அவர் உள்ளே வழக்கைப் பற்றி எதுவும் பேசவில்லை. இருந்தும் பிரதம நீதியரசர் ஹியூவார்ட் பிரபு தீர்ப்பை ரத்துச் செய்தார். நீதி செய்யப்பட்டால் மட்டும் போதாது, அது செய்யப்படுவது ஐயமின்றிக் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். ஆங்கிலத்தில் அது 'சீன் டு பி டன்'. பார்ப்பவர் யார் என்று அங்கே சொல்லப்படவில்லை. பொதுமக்கள் எல்லோரும் என்று பொருள் கொள்கிறோம். செய்பவரைச் சொல்லாமல் விடுவது எப்போதும் ஒளிப்பதற்காக அல்ல என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஒரு விதிவிலக்கு

வீட்டு வாசலில் தொங்கும் 'டு லெற்' பலகையைப் பார்த்திருப்பீர்கள். வாடகைக்கு விடப்படும் வீடுதான், ஆனால் 'டு பி லெற்' என்று எழுதுவதில்லை. வடிவம் செய்வினை, பொருள் செயப்பாட்டு வினை. ஆகவே 'பி' இல்லை என்பதை வைத்து மட்டும் முடிவுக்கு வரவும் முடியாது.

நான் கேட்கும் மூன்று கேள்விகள்

இப்போது 'டு பி' கண்ணில் பட்டால் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறேன். நடந்துவிட்டதா, நடக்கவிருக்கிறதா, நடக்க வேண்டியதா? செய்யப் போவது யார்? எப்போது? முதலாவதற்கு மூலத்திலேயே பெரும்பாலும் பதில் இருக்கும். மற்ற இரண்டுக்கும் பல நாட்களில் இருக்காது. அப்போது பிரதேச செயலகத்துக்கோ கிராம அலுவலருக்கோ ஓர் அழைப்பு எடுக்கிறேன். பதில் கிடைக்காவிட்டால், 'திகதி அறிவிக்கப்படவில்லை' என்று செய்தியிலேயே சேர்த்துவிடுகிறேன்.

அன்று அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் செய்தியைத் திருத்தினேன். வைக்க முன் அவர் கேட்டார், "அப்ப எப்ப பிள்ளை விடுவினம்?" என்னிடம் இருந்த ஆங்கிலக் குறிப்பை மீண்டும் பார்த்தேன். 'ஆர் டு பி ரிலீஸ்ட்' என்று மட்டும்தான் இருந்தது.