மருதாணியும் பிரிவெட்டும்: ஒரு பெயர்மயக்கத்தின் வரலாறு

ஆங்கில நூல்கள் மருதாணியை 'எகிப்திய பிரிவெட்' எனவும் குறிக்கும். லின்னேயசுக்கு முற்பட்ட ஐரோப்பியர் அதனை லிகஸ்ட்ரம் என்னும் பிரிவெட் இனத்தோடு சேர்த்தெண்ணியதன் எச்சமே இப்பெயர். 1753இல் அவர் மருதாணியை லாசோனியா என்னும் தனிப் பேரினமாக வகுத்த பின்னரும் வழக்கு மாறவில்லை. எதிரிலைகளும் நான்கு மடல் கொண்ட சிறுபூக்களும் இரண்டிற்கும் பொது, மயக்கம் இயல்பே. மகரந்தத்தாள்களை எண்ணின் ஐயம் நீங்கும்: மருதாணிக்கு எட்டு, பிரிவெட்டுக்கு இரண்டே. மருதாணியின் காய் உலர்ந்து பல விதைகள் கொண்டது. மல்லிகைக் குடும்பத்ததாகிய பிரிவெட்டின் கனியோ சதைப்பற்றுடையது.

ஆகவே ராஜா அண்ணாமலைபுரம் போன்ற கடலோரப் பகுதியின் மருதாணியைப் பிரிவெட் என மொழிபெயர்ப்போர் பிழைபடுவர். தமிழகத்தின் மெய்யான பிரிவெட்டுக்கு மலையேற வேண்டும். நீலகிரியில் செடிகள் திரட்டிய தாவரவியலார் பெரோத்தேயின் பெயரை 1844 முதல் ஓரினம் தாங்கி நிற்கிறது.

இது வெறும் பெயர்வழக்கு அன்று. மொரிசியசு, ரெயூனியோன் தீவுகளின் காடுகளை நெருக்கும் லிகஸ்ட்ரம் ரொபஸ்டம் தென்னிந்தியாவிலிருந்து சென்றதா, இலங்கையிலிருந்தா என்ற வினாவிற்கு, 2004இல் வெளிவந்த மரபணு ஆய்வு இலங்கையைச் சுட்டியது. அச்செடியை உண்டு அடக்கும் பூச்சிகளை எங்கே தேடுவது என்பதும் அவ்விடையைப் பொறுத்தே அமைந்தது.