ஐம்பது சென்ட் சாட்சி

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், 125ஆம் தெருவில், உல்வொர்த் கடை ஒன்று இருந்தது. ஊசி நூல் முதல் பாத்திரம் பண்டம் வரை மலிவாகக் கிடைக்கும் பெரிய கடை. கென்னத் கிளார்க்கும் அவர் மனைவி மேமியும் தங்கள் ஆராய்ச்சிக்கான பொம்மைகளை அங்கேதான் வாங்கினார்கள். ஒன்று 50 சென்ட். 1940ஐ ஒட்டிய அந்த ஆண்டுகளில் பழுப்பு நிறப் பொம்மை அமெரிக்காவில் கண்ட கடையிலெல்லாம் கிடைத்துவிடாது. கிடைத்தாலும் அதில் பல, தடித்த உதடும் உருட்டிய விழியுமாகக் கேலிக்கென்றே செய்யப்பட்டவை. கிளார்க் தம்பதிக்கு அது உதவாது. வெள்ளைப் பொம்மைக்கு என்ன முகமோ அதே முகம் பழுப்புப் பொம்மைக்கும் இருக்க வேண்டும். நிறமும் முடியும் மட்டும்தான் மாறலாம்.

அப்படி நான்கு பொம்மைகள் சேர்ந்தன. இரண்டு பழுப்பு, கருப்பு முடி. இரண்டு வெள்ளை, மஞ்சள் முடி. இடுப்பில் சுற்றிய வெள்ளைத் துணியைத் தவிர உடுப்பு கிடையாது. கை கால் வைத்திருந்த தோரணைகூட ஒன்றே. பிற்பாடு இந்தப் பொம்மைகள் தென் கரோலினாவுக்கு ரயிலேறின, நீதிமன்றத்தில் பேசப்பட்டன, அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் ஓர் அடிக்குறிப்பு வரை அவற்றின் செல்வாக்கு எட்டியது. ஆனால் அவை சொன்னதில் பாதியைத்தான் அந்த நாடு காதில் வாங்கிக்கொண்டது என்பது என் கட்சி.

யோசனை மேமியுடையது. ஆர்கன்சா மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரில் ஒரு டாக்டரின் மகளாக வளர்ந்தவர். ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டத்துக்காக அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இது: பள்ளிக்குப் போகும் முன்பே ஒரு கருப்பினக் குழந்தைக்குத் தான் யார் என்ற உணர்வு எப்படி உருவாகிறது? கணவர் அதில் பிற்பாடு வந்து சேர்ந்தவர்தான். கென்னத்தே பல ஆண்டுகள் கழித்து இதை ஒளிக்காமல் சொன்னார். ஆனாலும் புத்தகங்களில் அவர் பெயர்தான் முன்னால் நிற்கிறது.

குழந்தைகள் மொத்தம் 253 பேர், மூன்று முதல் ஏழு வயது வரை. 134 பேர் ஆர்கன்சாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ், பைன் பிளஃப், லிட்டில் ராக் ஊர்களில் கருப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய பள்ளிகளில் படித்தவர்கள். 119 பேர் வடக்கே, மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், வெள்ளைக் குழந்தைகளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்தவர்கள். ஒவ்வொரு குழந்தையிடமும் எட்டு வேண்டுகோள்கள். உனக்கு விளையாடப் பிடித்த பொம்மையைக் கொடு. நல்ல பொம்மையைக் கொடு. பார்க்க மோசமாக இருக்கும் பொம்மையைக் கொடு. நல்ல நிறமுள்ள பொம்மையைக் கொடு. அடுத்த மூன்றும் வெள்ளைக் குழந்தை எது, கருப்பினக் குழந்தை எது என்று இனம் காணச் சொல்பவை. கடைசி: உன்னைப் போல இருக்கும் பொம்மையைக் கொடு.

இந்த வரிசையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அவர்களுடைய கட்டுரையில் போகிற போக்கில் சொல்லப்பட்டிருப்பதால் பலர் கவனிப்பதில்லை. முன்னோட்டமாகச் செய்து பார்த்தபோது, 'உன்னைப் போல இருப்பது எது' என்பதை முதலில் கேட்டால், பழுப்புப் பொம்மையைத் தன்னுடையதாகக் காட்டிய குழந்தை பிறகு அதையே பிடித்தது என்றும் சொல்லத் தொடங்கியது. 'இது நான்' என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், விருப்பமும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அது உண்மையான விருப்பம் ஆகாது என்று கருதி, கிளார்க் தம்பதி கேள்வியின் வரிசையை மாற்றிக்கொண்டார்கள். அவர்களுக்கு அது ஆராய்ச்சியில் களைய வேண்டிய ஒரு கோளாறு. எனக்கென்னவோ அந்த முழு ஆராய்ச்சியிலும் மிகப் பெரிய கண்டுபிடிப்பு அதுவாகவே படுகிறது. 'நம்ம ஆள்' என்ற பிடிப்பு வர நாட்டுப்பற்றோ பரம்பரைப் பகையோ தேவையில்லை. பொம்மையை எடுத்து நீட்டும் நேரத்திலேயே அது வந்துவிடுகிறது.

1947இல் வெளியான முடிவு இது. விளையாட வெள்ளைப் பொம்மையைக் கேட்டவர்கள் 67 விழுக்காடு. பழுப்புப் பொம்மைதான் மோசம் என்றவர்கள் 59 விழுக்காடு. இந்த எண்களைக் கண்டு தாங்களே கலங்கிப் போனதால்தான் சில ஆண்டுகள் வெளியிடாமல் வைத்திருந்தோம் என்று கென்னத் பின்னாளில் சொன்னார். தன்னைப் போல இருப்பதாக வெள்ளைப் பொம்மையைக் காட்டியவர்கள் மூன்றில் ஒருவர். இதைச் சொல்லும்போது பலர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்தக் குழந்தைகளில் மிக வெளிர் நிறமாக இருந்தவர்களில் 80 விழுக்காட்டினர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். நல்ல கருப்பாக இருந்தவர்களில் 81 விழுக்காட்டினர் பழுப்பைக் காட்டினார்கள். கண்ணுக்குப் பட்டதைச் சொன்ன குழந்தையையும் சேர்த்து, 'தன்னையே வெறுக்கிறது' என்று கணக்கெழுதிவிடக் கூடாது.

அதைவிடச் சங்கடமான எண் ஒன்றும் இருந்தது. பிரிவினைப் பள்ளியில் படித்த தெற்கத்திக் குழந்தைகளில் பழுப்புப் பொம்மையை மோசம் என்றவர்கள் 49 விழுக்காடு. கலந்து படித்த வடக்கத்திக் குழந்தைகளிலோ 71. நிறவாரியாகப் பள்ளியைப் பிரித்ததுதான் குழந்தையின் மனதைக் கெடுத்தது என்று வாதாட நினைப்பவருக்கு இது தொண்டையில் மாட்டிய முள். கென்னத் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். வடக்கே 'உன்னைப் போல எது' என்று கேட்டதும் சில குழந்தைகள் அழுதன, அறையை விட்டு ஓடின. தெற்கே ஒரு சிறுவன் பழுப்புப் பொம்மையைச் சுட்டி, கருப்பினத்தவரை இழிவாகச் சொல்லும் வார்த்தையால் அதை அழைத்து, நானும் அதுதான் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அழுதவனுக்கு இன்னும் ரோஷம் மிச்சமிருக்கிறது, சிரித்தவனுக்கு மரத்துப்போய்விட்டது என்பது கென்னத்தின் வாதம். இருக்கலாம். ஆனால் எந்த விடை வந்தாலும் அதைக் காயம் என்றே படிக்கும் விளக்கம், எதிர்த்தரப்பு வக்கீலுக்குச் சும்மா கிடைத்த வாய்ப்பு.

பொம்மைகளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன வழக்கு, தென் கரோலினாவின் கிளாரண்டன் வட்டாரத்தில் தொடங்கியது ஒரு பேருந்துக்காக. வெள்ளைக் குழந்தைகளுக்கு 30 பள்ளிப் பேருந்துகள் ஓடின, கருப்பினக் குழந்தைகளுக்கு ஒன்றுகூட இல்லை. 1949-50இல் ஒரு வெள்ளைக் குழந்தைக்குச் செலவிட்டது 179 டாலர், கருப்பினக் குழந்தைக்கு 43. லீவை பியர்சன் என்ற விவசாயி 1947இல் பேருந்து கேட்டார். ஜோசப் டிலெய்ன் என்ற பாதிரியார் ஊரைத் திரட்டினார். வழக்கில் முதல் ஆளாகப் பெயர் நின்ற ஹாரி பிரிக்ஸ், பெட்ரோல் பங்கில் பார்த்த வேலையை இழந்தார். மோட்டலில் வேலை பார்த்த அவர் மனைவி எலைசாவுக்கும் அதே கதி. பேருந்து கேட்ட மனு, கருப்பினத்தவர் தரப்பு வக்கீல் தர்குட் மார்ஷலின் கைக்கு வந்தபின், பிரிவினையையே எதிர்க்கும் வழக்காக மாறியது.

மார்ஷலின் உதவியாளர் ராபர்ட் கார்ட்டர்தான் கிளார்க்கைக் கொண்டுவந்தார். அவர்கள் தரப்பு வக்கீல்களிலேயே சிலர் பொம்மைகளைப் பார்த்துச் சிரித்தார்கள்: உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டிய வழக்கில் விளையாட்டுச் சாமானா? மார்ஷல் விடவில்லை. ஒருவனைக் காரால் மோதினால் காயத்தை நிரூபிக்க டாக்டர் சாட்சி வேண்டும். இங்கேயும் காயத்தைக் காட்டியாக வேண்டும் என்பது அவர் கணக்கு.

1951 மே மாதம் கிளாரண்டனில் கென்னத் பதினாறு குழந்தைகளுக்குப் பொம்மைகளைக் காட்டினார். ஆறிலிருந்து ஒன்பது வயதுக்காரர்கள். பத்துப் பேருக்கு வெள்ளைப் பொம்மை பிடித்தது. பழுப்புப் பொம்மை மோசம் என்றவர்கள் பதினொருவர். வெள்ளைப் பொம்மைதான் தன்னைப் போல இருக்கிறது என்றவர்கள் ஏழு பேர். சார்ல்ஸ்டன் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் முன் அவர் இதைச் சொன்னார். மாநிலத்தின் வக்கீல் ராபர்ட் ஃபிக் குறுக்கு விசாரணையை அதிகம் நீட்டவில்லை. பதினாறு குழந்தைகளையும் சில பொம்மைகளையும் பெரிய விஷயமாக்கத் தேவையில்லை என்று நினைத்தார். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் கருப்பினத்தவர் தோற்றார்கள். எதிர்த்து எழுதிய ஒரே நீதிபதி வேட்டீஸ் வேரிங், பிரித்து வைப்பதே சமமின்மைதான் என்றார். தெற்கத்தி வெள்ளையரான அவரைச் சார்ல்ஸ்டன் சும்மா விடவில்லை. கடைசியில் ஊரை விட்டு நியூயார்க் போய்ச் சேர்ந்தார்.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனதும் எதிரில் வந்து நின்றவர் ஜான் டபிள்யூ. டேவிஸ். 1924இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்றவர், அந்தக் காலத்தில் அவருக்கு நிகரான வக்கீல் அரிது. கிளார்க்கின் பழைய கட்டுரையை அவர் ஒழுங்காகப் படித்திருந்தார். வடக்கு-தெற்கு எண்களை எடுத்து வைத்து, கலந்து படித்தால் காயம் ஆறும் என்கிறீர்களே, உங்கள் ஆளின் கணக்கே வேறு சொல்கிறதே என்று மடக்கினார். நியாயமான கேள்வி. பள்ளிக்கூடத்தை மட்டும் மாற்றினால் பொம்மையின் விடை மாறிவிடாது; கடை, சினிமா, பத்திரிகை, வீட்டு வேலைக்காரி, பேருந்தின் பின்னிருக்கை எல்லாம் சேர்ந்துதான் மூன்று வயதுக்குள் அந்த விடையைச் சொல்லிக்கொடுக்கின்றன. டேவிஸ் அந்த உண்மையைத் தொட்டதோ, எதையும் மாற்றாமல் இருப்பதற்காக.

1954 மே 17. ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகப் பள்ளிப் பிரிவினையைச் சட்டவிரோதம் என்றார்கள். கான்சாசின் டொபீகா, கிளாரண்டன், வர்ஜீனியா, டெலவேர் ஆகிய இடங்களின் வழக்குகளுக்குச் சேர்த்துச் சொன்ன தீர்ப்பு. பிரிவினை குழந்தையிடம் தாழ்வுணர்வை விதைக்கிறது என்ற வரிக்கு ஆதாரமாக வந்த 11ஆம் அடிக்குறிப்பில் முதல் பெயர் கிளார்க். அங்கே சுட்டப்பட்டது பொம்மைக் கட்டுரை இல்லை, 1950இல் வெள்ளை மாளிகை மாநாடு ஒன்றுக்கு அவர் எழுதிக் கொடுத்த அறிக்கை. ஊர் வாயில் அது பொம்மைத் தீர்ப்பாகவே நிலைத்துவிட்டது.

விட்டுப்போன பாதி இங்கேதான் இருக்கிறது. கிளார்க்கும் இசிடோர் செய்ன், ஸ்டுவர்ட் குக் ஆகியோரும் வரைந்து, கார்டன் ஆல்போர்ட் உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் கையெழுத்திட்ட ஓர் அறிக்கையை உச்ச நீதிமன்றத்தில் கொடுத்திருந்தார்கள். பிரிவினை வெள்ளைக் குழந்தையையும் கெடுக்கிறது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. தன் தகுதியைத் தன் உழைப்பால் அளக்காமல், தனக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்த்து அளக்கப் பழகுகிறது அந்தக் குழந்தை. தீர்ப்பில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. தீர்ப்பு முழுக்கக் கருப்பினக் குழந்தையின் காயமே பேசப்பட்டது. காயப்படுத்தியவரின் மனது ஆரோக்கியமாக இருப்பதாகவே வைத்துக்கொண்டார்கள். கென்னத்துக்கு இந்தக் குறை கடைசிவரை இருந்தது.

காயம்பட்டவரைத்தான் 'சரிசெய்ய' வேண்டும் என்று முடிவாகிவிட்டால் அடுத்து என்ன நடக்கும்? கருப்பினக் குழந்தைகளை வெள்ளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள், கருப்பினப் பள்ளிகளை மூடினார்கள். தெற்கில் ஆயிரக்கணக்கான கருப்பின ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள், தலைமையாசிரியர்கள் உதவியாளர்களாக இறக்கப்பட்டார்கள். அதே 1954இல் ஆல்போர்ட் தன் நூலில் எழுதியிருந்தார்: இரு குழுக்கள் சந்தித்தால் மட்டும் பகை குறையாது; சம அந்தஸ்து, பொது இலக்கு, கூட்டு வேலை, மேலிடத்தின் ஆதரவு எல்லாம் வேண்டும். தெற்கத்திப் பள்ளிகளில் இவற்றில் எது இருந்தது? வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்டு வட்டாரம், கலந்து படிக்க விடுவதைவிட மேல் என்று 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகளையே மூடி வைத்தது. 1954 தீர்ப்பில் சேர்ந்திருந்த அந்த ஊர் வழக்கில் பிரிவினைக்கு ஆதரவாகச் சாட்சி சொன்ன உளவியலாளர் ஹென்றி காரெட், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேமியின் பேராசிரியர். தன் ஆசிரியருக்கு எதிராக மேமியே கூண்டில் ஏறினார்.

பொம்மையின் பிற்கால வாழ்க்கை சுருக்கமாகச் சொன்னால் போதும். 1969இல் நெப்ராஸ்காவின் லிங்கனில் ஹ்ராபா, கிராண்ட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இதே கேள்விகளைக் கேட்டபோது கருப்பினக் குழந்தைகளில் பெரும்பாலோர் கருப்புப் பொம்மையைக் கேட்டார்கள். கருப்பே அழகு என்ற முழக்கம் காற்றில் இருந்த காலம் அது. வில்லியம் கிராஸ் என்ற உளவியலாளர், தன் குழுவைப் பற்றி ஒருவர் நினைப்பதும் தன்னைப் பற்றி நினைப்பதும் இரண்டு வேறு சங்கதிகள், பொம்மை முதலாவதைத்தான் அளக்கிறது என்று 1991இல் ஒரு புத்தகமே எழுதினார். 2005இல் கிரி டேவிஸ் என்ற பள்ளி மாணவி எடுத்த ஆவணப்படத்தில் 21 கருப்பினக் குழந்தைகளில் 15 பேர் மறுபடி வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பழைய பொம்மைகளில் ஒன்று இப்போது டொபீகாவில், வழக்கில் வந்த மன்ரோ பள்ளிக் கட்டடத்தில், தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் இருக்கிறது.

2010இல் சி.என்.என். தொலைக்காட்சிக்காக உளவியலாளர் மார்கரெட் பீல் ஸ்பென்சர் ஒரு சோதனை நடத்தினார். வெளிர் நிறத்திலிருந்து கருப்பு வரை வரிசையாக வரைந்த குழந்தைப் படங்கள். 133 குழந்தைகள், கருப்பினத்தவரும் வெள்ளையரும். கருப்பினக் குழந்தைகளிடமும் வெள்ளையின் பக்கம் சாய்வு இருந்தது. வெள்ளைக் குழந்தைகளிடம் அது அதைவிட மிக அதிகமாக இருந்தது. வெள்ளைக் குழந்தைகளை ஆராய்ந்தவர்கள் முன்பும் இருந்தார்கள், ஆனால் சட்டமோ பொதுமக்களோ அவர்களைத் தேடிப் போகவில்லை. 1951இல் கிளாரண்டனில் அந்தப் பதினாறு பேரோடு, 30 பேருந்துகளில் பள்ளிக்குப் போய்வந்த வெள்ளைக் குழந்தைகளில் பதினாறு பேரிடமும் அதே எட்டுக் கேள்விகளைக் கேட்டு, அந்த விடைகளையும் நீதிமன்றத்தில் வைத்திருக்க வேண்டும்.